பதினெட்டுப் போட்டி, ஒரு கொக்கி

டாக்டருக்கு நோயாளி வந்தால்தான் வேலை, வக்கீலுக்கு வழக்கு வந்தால்தான் வேலை. ஆர்க்கிடெக்டுக்கு அந்தக் கவலையே கிடையாது, ஒரு ஆள் படியேறி வராவிட்டாலும் உலகத்தில் எங்கேயாவது ஒரு டிசைன் போட்டி நடந்துகொண்டேதான் இருக்கும்.

என் பெயர் செல்வி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்கு கோடவுனின் மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால் நானும், கூடப் படித்த பள்ளுருத்திக்காரன் ஜோபியும். கோடவுன் மூடிப் பல காலம் ஆகிறது, சுக்கு வாசனை மட்டும் இன்னும் காலி பண்ணவில்லை. ஆபீஸ் திறந்து ஏழு வருஷத்தில் பதினெட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டோம். கட்டிய கட்டடம் என்று கேட்டால், அதை மட்டும் கேட்காதீர்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வீட்டுக்கு கார் ஷெட் போட்டிருக்கிறோம், ஒரு பேக்கரிக்கு கவுண்டரை இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம். பிழைப்பு அதில்தான் ஓடியது.

போட்டிக்கு ஏன் போனீர்கள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். சக ஆர்க்கிடெக்ட் பாவிகளான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கே விண்ணப்பம் போட்டாலும், 'இதுபோல் ஒரு கட்டடம் முன்பு கட்டியிருக்கிறீர்களா?' என்று கேட்பார்கள். கட்டியிருந்தால்தான் கட்ட விடுவார்கள், கட்ட விட்டால்தானே கட்டியிருக்க முடியும்? போட்டி அறிவிப்பில் மட்டும்தான் 'முன் அனுபவம் தேவையில்லை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் நாங்கள் விழுந்தோம். நீங்களும் அங்கேதான் விழுந்திருப்பீர்கள்.

ஜோபிக்கு தோஹாவில் ஒரு மாமா இருக்கிறார். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வருகிற ஓணத்துக்குள் நாம் வரைந்தது ஏதாவது ஒன்று மண்ணில் எழும்பாவிட்டால் நான் பிளேன் ஏறிவிடுவேன் என்று ஜோபி முடிவாகச் சொல்லிவிட்டான். அவன் போனால் ஆபீஸும் போன மாதிரிதான். எனக்கு தோஹாவில் மாமா கிடையாது. எனக்கு இருப்பது அம்மா. தென்காசிப் பக்கத்துப் பேச்சியம்மாள். வில்லிங்டன் தீவில் ஒரு பெரிய ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைக்கும் வேலை. பெயர் வேண்டாம், தீவு ஆபீஸ் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அம்மா எல்லோருக்கும் 'பேச்சி சேச்சி'. பஸ் ஜன்னல் வழியாகக் கை நீட்டி, 'அந்தா, என் மக கெட்டினது' என்று அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்ல ஒரு கட்டடம் வேண்டும் எனக்கு. என் ஆசை அவ்வளவுதான். அது பெரிய ஆசை என்று தெரிந்துகொள்ள ஏழு வருஷம் ஆனது.

ஃப்ரீசரில் ஒரு மலை

எங்கள் முதல் போட்டி வெளிநாட்டில். வடக்கே ஏதோ ஒரு மலை உச்சியில், வருஷத்தில் எட்டு மாதம் பனி கொட்டும் இடத்தில், மலையேறிகளுக்கு ஓர் ஓய்வு விடுதி. பனி என்ற சாமானை நாங்கள் இருவரும் பார்த்த ஒரே இடம் ஜோபி வீட்டு ஃப்ரீசர். கூரைச் சரிவு எவ்வளவு வைத்தால் பனி வழுக்கி இறங்கும் என்று சண்டை வந்தபோது, ஃப்ரீசரைத் திறந்து வைத்து, உள்ளே கெட்டிப்பட்டிருந்ததைச் சுரண்டி, ஒரு அட்டையில் கொட்டி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். அட்டை நனைந்ததுதான் மிச்சம். உள்ளே இருந்த அயிலை மீன் இளகிவிட்டது என்று ஜோபியின் அம்மா எங்களைப் பிடித்துக் கிழித்துவிட்டார்.

மூன்று வாரம் இரண்டு பேரும் வேறு எதையும் நினைக்கவில்லை. வெள்ளை மலை, வெள்ளைக் கூரை, மேலே வெள்ளை வானம், நடுவில் எறும்பு அளவுக்கு ஒரு கதவு. உலகமே வாயைப் பிளக்கப்போகிறது என்று நம்பினோம். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கத் தோப்பும்படியில் ஹம்சா இக்கா கடைக்குப் போனோம். இக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

"மோளே, முழுக்க வெள்ளையா இருக்கே. இதுக்கு மை எதுக்கு, பேப்பரை அப்படியே அனுப்பினா போதாதா?"

கூரை பறந்த கதை

ஆறாவதோ ஏழாவதோ, சரியாக ஞாபகமில்லை. எறணாகுளத்தில் ஒரு கலையரங்கம். வரைபடத்தோடு அட்டையில் செய்த மாடலும் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குள். கொடுக்க வேண்டிய நாளில் பஸ் ஸ்டிரைக். ஆட்டோக்காரரிடம் பெட்டியைக் காட்டினால், உள்ளே போகாது என்று கையை விரித்தார். சரி என்று காயலைக் கடக்கும் பயணிகள் போட்டில் ஏறினோம். ஜோபி மாடலை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நடுக் காயலில் ஒரு கப்பல் கடந்தது. போட்டு ஆடியது. ஜோபி ஒரு கையால் கம்பியைப் பிடித்தான், அந்த ஒரு நொடியில் காற்று வந்து கூரையை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பத்து நாள் வேலை. அலை மேல் கொஞ்ச தூரம் மிதந்தது, பிறகு காணவில்லை. போட்டில் இருந்தவர்கள் எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார்கள். நான் அழுதேவிட்டேன். திரும்பிப் போகவும் மனசில்லாமல், மொட்டைச் சுவர்களோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு மாதம் கழித்து எங்களுக்கு ஆறுதல் பரிசு என்று கடிதம். நடுவர்கள் குறிப்பும் எழுதியிருந்தார்கள். கூரை என்ற பழக்கத்தையே கேள்வி கேட்டு, மழையையும் வானத்தையும் அரங்கத்துக்குள் அழைத்த துணிச்சல் பாராட்டுக்குரியதாம். ஜோபி குறிப்பை இரண்டு தடவை வாசித்தான்.

"அடுத்த தடவை சுவரையும் கொண்டுபோய்க் காயல்ல போடுவோம். முதல் பரிசே கிடைக்கும்."

எங்கே இருக்கிறது இந்த லைப்ரரி?

அந்த ஆறுதல் பரிசு சர்டிபிகேட்டை அம்மா லேமினேட் செய்துகொண்டு வந்தாள். ஆபீஸ் சுவரில் ஆணியும் அவளே அடித்தாள். சுற்றிலும் எங்கள் போட்டிப் படங்கள். ஒரு லைப்ரரி, ஒரு பஸ் நிலையம், ஒரு மியூசியம், ஒரு படகுத் துறை. உள்ளே வருகிறவர்கள் அசந்துபோவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் சுள்ளிக்கல்லைச் சேர்ந்த ரிட்டயர்டு வாத்தியார். வீடு கட்ட வேண்டும் என்று வந்தார். எங்களுக்கு ஏழு வருஷத்தில் வந்த முதல் முழு வீடு! ஜோபி கீழே ஓடிப்போய் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தான்.

வாத்தியார் ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்தார். கம்ப்யூட்டர் படம் என்று அவருக்குத் தெரியவில்லை. வெயில், நிழல், மரம், மனிதர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். இந்த லைப்ரரி எங்கே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிப்போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அது கட்டவில்லை என்றேன். பஸ் நிலையம்? அதுவும் இல்லை. படகுத் துறை? ஜோபி பழம்பொரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். வாத்தியார் கோபப்படவில்லை. சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார், பழம்பொரி நன்றாயிருக்கிறது என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"படம் பிரமாதம் மோளே. ஆனா நான் படுத்தா மழையில நனையக் கூடாது, எனக்கு அவ்வளவுதான்."

படத்துக்குள் அம்மா

கட்டடத்தை மட்டும் வரைந்து அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள். அதில் மனிதர்கள் நடமாட வேண்டும். அதற்கென்றே இணையத்தில் வெட்டி வைத்த மனிதர்கள் கிடைப்பார்கள். எல்லோரும் ஆறடி உயரம், கழுத்தில் மப்ளர், கையில் காப்பிக் கோப்பை, கூட ஒரு நாய். பள்ளுருத்தி மீன் மார்க்கெட்டுக்கு நாங்கள் வரைந்த படத்தில் மப்ளர் கட்டிய ஒரு வெள்ளைக்காரர் மத்தி வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. இனி நம் ஆட்களையே போடலாம் என்று முடிவு செய்தோம். கையில் சிக்கிய நம் ஆள் அம்மாதான்.

அம்மாவைக் கேமரா முன்னால் நிற்க வைத்து, உட்கார வைத்து, நடக்க வைத்து, சாயா கிளாஸோடு சிரிக்க வைத்து எல்லாம் எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் எல்லாப் போட்டியிலும் அம்மா உண்டு. மியூசியப் படிக்கட்டில் அம்மா, விமான நிலையத்தில் அம்மா, கடலுக்கடியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சாயா கிளாஸோடு அம்மா. ஒருநாள் அம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, முழுக்கக் கண்ணாடியால் ஆன ஒரு பன்னிரண்டு மாடிப் படத்தைக் காட்டி, நடுவில் நிற்பது யார் சொல் என்றேன். தன்னைப் பார்த்து அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள்.

"ஏட்டி, இம்புட்டுக் கண்ணாடியையும் யாரு துடைக்கது?"

கால் தரையில் படணும்

பதினெட்டாவது போட்டியை அறிவித்தது தீவு ஆபீஸ். அம்மா வேலை பார்க்கும் அதே ஆபீஸ். வளாகத்தில் பெருக்கும் பெண்களுக்கு ஓர் ஓய்வுக் கூடம். சின்னக் கட்டடம்தான். ஆனால் மற்ற போட்டிகள் மாதிரி இல்லை, முதலில் வருகிறவருடையதைக் கட்டப்போகிறோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். இடமும் தயார். ஓணத்துக்கு நாலு மாதம் இருந்தது. ஜோபி அறிவிப்பை வாசித்துவிட்டு, இது நமக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறதே என்றான்.

அது வரைக்கும் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் அந்தப் பெண்களில் ஒருத்தி சேலையைத் திரையாகப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி உடை மாற்றிக்கொள்வாள். சோற்றுப் பாத்திரம் படிக்கட்டுக்கு அடியில். இதை அம்மா வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கட்டடம் படித்த மகள் கேட்காத கேள்வி அது. இப்போது கேட்டேன். அம்மா கப்பைக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சேலைப் பை மாட்டக் கொக்கி வேண்டும், ஆளுக்கொன்று, குட்டையான பெண்ணுக்கும் எட்டும் உயரத்தில். கால் கழுவ வரிசையாகத் தாழ்வான குழாய், குனியாமல் காலாலேயே திருப்புகிற மாதிரி. சூப்பர்வைசர் வருவது தெரிகிற ஒரு ஜன்னல். கக்கூஸ் கதவு உள்ளேயிருந்து பூட்ட வேண்டும், அது பூட்டியிருக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டும்.

பெஞ்சுக்கு வழக்கமான உயரம் வரைந்து வைத்திருந்தேன். புத்தகத்தில் இருக்கிற உயரம். அம்மா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். அவள் கால் அந்தரத்தில் தொங்கியது. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் அதைக் கவனித்ததே இல்லை. அன்று பெஞ்சுகளின் உயரத்தைக் குறைத்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"நாள் முழுக்க நிக்கிற பொம்பளைக்கு உக்காந்தா கால் தரையில படணும்."

விதிமுறை, நாலாம் பக்கம்

முதல் பரிசு எங்களுக்குத்தான். போன் வந்தபோது ஜோபி என்னைத் தூக்காத குறை. அம்மா கேசரி கிண்டினாள், தெரு முழுக்கக் கொடுத்தாள். தோஹா மாமாவுக்கு ஜோபி போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். மறுநாள் அடையாள அட்டைகளோடு வரச் சொல்லியிருந்தார்கள். போட்டியில் நடுவர்களுக்கு யாருடைய பெயரும் தெரியாது, தாளில் வெறும் எண்தான் இருக்கும். பெயர் உள்ள கவரின் மேல் ஒரு போன் நம்பர் மட்டும், அதை முடிவு எடுத்த பிறகு ஆள் முன்னால்தான் பிரிப்பார்கள். எங்கள் கவரைப் பிரித்தவர் அங்குள்ள நிர்வாக அதிகாரி, மரியாதையான மனிதர். என் பெயருக்குப் பக்கத்தில் தாயார் பெயரை வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பேச்சி சேச்சியோட மோளா என்று கேட்டார். ஆமாம் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா!

அவர் விதிமுறைப் புத்தகத்தின் நாலாம் பக்கத்தைத் திருப்பி வைத்தார். போட்டி நடத்தும் அலுவலகத்தின் ஊழியர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் கலந்துகொள்ளக் கூடாது. எல்லாப் போட்டியிலும் இருக்கும் வரிதான். பதினெட்டுத் தடவை வாசித்திருக்கிறேன், பதினெட்டுத் தடவையும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வரியில் அம்மா இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றும்? இருபத்திரண்டு வருஷமாக அம்மா அங்கே தற்காலிக ஆள். ஊழியர் இல்லை என்றுதான் ஒவ்வொரு ஓணத்துக்கும் போனஸ் கேட்டபோது சொல்லியிருக்கிறார்கள். போட்டி அறிவிப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் அம்மாவையும் இன்னும் சிலரையும் நிரந்தரமாக்கி ஆர்டர் வந்தது. என் சர்டிபிகேட்டை லேமினேட் செய்த அதே கடையில் நான்தான் அதை லேமினேட் செய்துகொண்டு வந்து கொடுத்தேன். ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். ஆர்டர் வந்தது தெரியும், ஆனால் 'ஊழியர்' என்று எங்கேயாவது அச்சில் பார்த்தால் அது அம்மா என்று படிக்க என் கண் இன்னும் பழகவில்லை.

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்சம் இறங்கிய குரலில் இன்னொன்றும் சொன்னார். புதிதாக நிரந்தரமானவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பழையபடி தற்காலிகப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். தற்காலிக ஆளின் மகளுக்குத் தடை கிடையாது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவை உறுதி செய்யும், அதற்குள் கடிதம் வந்தால் போதும். ஜோபி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

"டிசைன் நல்லது மோளே, அதுக்காகத்தான் சொல்றேன். அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுப் பாரு."

ஒரே கடுதாசி

கேட்டேன். மறைக்கவில்லை, கேட்டேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றால் உங்களுக்குப் பதினெட்டாவது போட்டி இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

நேராகக் கேட்க வாய் வராமல், அதிகாரி இப்படிச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் என்னவெல்லாம் போகும் என்று அம்மா விசாரித்தாள். பென்ஷன் போகும், லீவு போகும், நிரந்தரப் பட்டியலில் இருக்கிற பெயர் போகும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். எழுதாவிட்டால் ஜோபி போய்விடுவானா என்று கேட்டாள். போய்விடுவான் என்றேன். உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். செத்துப்போன மாதிரி இருக்கும் என்று சொன்னேன், அது உண்மை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்து முடிக்கிற வரைக்கும், சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அம்மா எழுந்துபோய் லேமினேட் செய்த ஆர்டரை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். கோபம் இல்லை. என் தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் பேரில்லாமப் பெருக்குனேன் செல்வி. இப்பதான் ஒரு கடுதாசியில என் பேரு வந்திருக்கு. அதை அழிச்சுட்டு அந்த இடத்துல உன் பேரை எழுதச் சொல்லுதியா?"

கேட்டில்

இரண்டாவதாக வந்தவர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. வெளியூர்க்காரர்கள், எங்கள் வயசுதான். அவர்களுக்கும் அது முதல் கட்டடம், வயிறு எரிந்தாலும் வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன். ஜோபி ஓணச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் தோஹாவுக்குப் போனான். இப்போது ஒரு பெரிய மாலுக்கு கார் பார்க்கிங் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். கோடு போடும் சலிப்பில் வாரத்துக்கு இரண்டு போட்டி அறிவிப்பாவது எனக்கு அனுப்பிவைக்கிறான்.

கூடம் கட்டி முடிந்ததும் ஒரு வேலை நாளில் அம்மா என்னை வரச் சொன்னாள். உள்ளே பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட் சமாசாரம் பிறகு. கூரை எங்களுடையது இல்லை, சுவர் எங்களுடையது இல்லை. சூப்பர்வைசரைப் பார்க்கிற ஜன்னல் இல்லை, அதை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஆனால் தள்ளுபடியான ஒரு டிசைனிலிருந்து சில யோசனைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்தார்களாம். யாருடைய டிசைன் என்று எழுதவில்லை. காலால் திருப்பும் தாழ்வான குழாய் இருந்தது. கொக்கிகள் இருந்தன, குட்டையான பெண்ணுக்கும் எட்டும் உயரத்தில், ஆளுக்கொன்று. கொக்கிக்கு மேலே அட்டையில் பெயர். ஐந்தாவது கொக்கியில் 'பேச்சியம்மாள்' என்று மலையாளத்தில். கீழே பெஞ்சில் அம்மா சாயா கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள், இத்தனை நாளாக என் படங்களில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. பாதம் இரண்டும் தரையில் பட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

கேட்டில் நடந்தது இதுதான். வெளியாட்கள் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ரெஜிஸ்டரில் பெயர், ஊர் எழுதினேன். வந்த காரியம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கட்டடம் பார்க்க என்று எழுதுவதா, யார் கட்டடம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று செக்யூரிட்டிக்காரர் கேட்டார். பேச்சியம்மாளின் மகள் என்றேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

"ஊழியரோட மோளுக்கு இதொண்ணும் வேண்டா, நேரா உள்ளே போ."

நாலாம் பக்கத்தில் என்னை வெளியே தள்ளிய 'ஊழியர்' என்ற அதே சொல்தான் கேட்டில் என்னை உள்ளே விட்டது. இளம் ஆர்க்கிடெக்டுகள் ஏன் போட்டிக்குப் போகிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: பத்தொன்பதாவது போட்டியின் விதிமுறைகளை முதலில் அம்மாவிடம் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டி, அவள் 'ம்' என்று சொன்ன பிறகுதான் பென்சிலைத் தொட்டேன்.